லிட்டருக்குப் பதினான்கு

நாள் 212, 07:10
எழுதுவது ஜெசிந்தா, நிலவியலாளர், வண்டியில் தனியாக. இக்கிரகத்தின் காற்று எஞ்சினுக்கு ஆகும், மனிதருக்கு ஆகாது. எஞ்சின் ஓடினால்தான் கேபினில் எனக்கு மூச்சு. பாறை மாதிரிகள் எடுத்தாயிற்று. முகாமுக்கு 210 கி.மீ. அங்கே இருப்பது மெக்கானிக் சென்னியப்பன் மட்டும். அவன் மாட்டிய அகலமான காற்றுக்குழாய் நன்றாக உறுமுகிறது. மைலேஜ் மீட்டர் லிட்டருக்கு 14 கி.மீ. காட்டுகிறது, மிச்ச எரிபொருளில் இன்னும் 280 கி.மீ. ஓடும் என்கிறது. பழைய குழாயில் 11. அந்த மிதப்பில் உபரி எரிபொருள் கேன்களை முகாமிலேயே இறக்கிவிட்டான். நானும் தலையாட்டினேன்.

11:20
எஞ்சின் நின்றது. முகாம் இன்னும் 35 கி.மீ. கேபினில் மூன்று மணி நேரக் காற்று. மீட்டரைப் படித்துச் சொல்லி, எரிபொருள் தீர்ந்ததோ என்று சென்னியப்பனிடம் ரேடியோவில் கேட்டேன்.
"அம்மிணி, மீட்டர்ல இன்னும் நூத்தஞ்சு கிலோமீட்டர் காட்டறப்ப எப்படிங்க தீரும்? வடிகட்டி அடைச்சிருக்குமுங்க. புதுசு எடுத்துட்டு வர்றேன்."

12:05
அரை மணி நேரக் காற்றே உள்ள கவச உடையோடு இறங்கி டேங்கைத் திறந்தேன். காய்ந்து கிடக்கிறது.
இப்போதுதான் புரிகிறது. இந்த மீட்டர் டேங்கைப் பார்ப்பதில்லை. குழாயில் போகும் காற்றின் வேகத்தை அளந்து, செலவைக் கணக்குப் போடுகிறது. குழாய் அகலமானதும் காற்று மெதுவாகப் போகிறது. மீட்டருக்குக் காற்றே குறைந்ததாகத் தோன்றுகிறது. எஞ்சின் குடித்தது என்னவோ பழைய அளவுதான். மைலேஜ் ஒரு சொட்டும் கூடவில்லை. சொல்புத்தியும் இல்லை, சுயபுத்தியும் இல்லை அந்த மடையனுக்கு.

12:15
திரும்பிப் போய்க் கேன் எடுத்து வரச் சொல்லிக் கத்தினேன்.
"பாதி தூரம் வந்துட்டனுங்க. என் வண்டியிலயும் அதே குழாய்தான், மீட்டர்ல தொண்ணூறு இருக்குது. நீங்க மிதிச்ச மிதிக்கு மீட்டர் மேல பழி போடாதீங்க."
வாயில் நன்றாக வருகிறது. எழுதவில்லை.

13:40
தூரத்தில் அவன் வண்டி தெரிகிறது. நான்கு கி.மீ. இருக்கும். வெகுநேரமாக அங்கேயே நிற்கிறது.
"அம்மிணி... மீட்டர் இன்னும் எழுபத்தஞ்சு காட்டுதுங்க. வண்டிதான் நின்னுபோச்சு."
அழுகிறான். எனக்கு இரக்கம் வரவில்லை. வர வேண்டும், வரவில்லை.

14:12
தலை சுற்றுகிறது. அடுத்த கப்பல் மூன்று மாதம் கழித்து. எங்களைத் தேடி வரும் நண்பா, முகாமில் மிச்சமிருக்கும் இரண்டு வண்டியிலும் அவன் அதே குழாயை மாட்டியிருக்கிறான். அதில் ஒன்றில்தான் நீ இங்கே வந்திருப்பாய். திரும்பிப் போக எவ்வளவு இருக்கிறது என்று மீட்டரைப் பார்க்காதே. இறங்கி டேங்கில் குச்சியை விட்டு