இடையில் ஒரு குளம்

வோபர்ன், ஸ்காபுறோ
ஐப்பசி, செவ்வாய்க்கிழமை

அன்புத் தம்பி யசிந்தனுக்கு,

நாங்கள் சுகம் என்று எழுத மனம் வரவில்லை. உன்னையாவது வற்றாப்பளை அம்மன் சுகமாக வைத்திருக்கட்டும். போனில் சொன்னால் குறுக்கே பாய்வாய், அதனால் எழுதுகிறேன். முழுதும் வாசித்துவிட்டுக் கோபப்படு.

அம்மாவின் உடம்பு இனி டயலிசிஸைத் தாங்காது என்று டொக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். கஞ்சித் தண்ணீர் இரண்டு கரண்டி இறங்குகிறது.

நீ அமெரிக்கா வந்த புதிதில், எங்களுக்கு இடையில் ஒரு குளம்தான் என்று அம்மாவுக்குச் சொன்னாய். லேக்குக்கு நாங்கள் எல்லோரும் சொல்லும் தமிழ்தான், உன்னில் பிழையில்லை. ஆனால் அம்மாவுக்குக் குளம் என்றால் ஊரில் இருக்கும் முத்தையன்கட்டுக் குளம். குளக்கட்டால் சுற்றி நடந்தால் மத்தியானச் சோற்றுக்கு வந்துவிடலாம். "குளத்தைச் சுத்தி வர அவனுக்குப் பஞ்சி" என்று உன் சோம்பலைச் சொல்லி வருகிறவர்களிடமெல்லாம் குறைப்பட்டார். அகதி வழக்கு முடியாமல் நீ எல்லை தாண்டி இங்கே வர முடியாது என்று எத்தனை தரம் சொல்லியும் ஏறவில்லை.

போன கிழமை, யாரோ ஒருவனுடைய படகில் களவாக வருகிறேன் என்று நீ சொன்னதை ஸ்பீக்கரில் அம்மாவும் கேட்டுவிட்டார். நான் பதறி ஸ்பீக்கரை நிறுத்தினேன், அவருக்கோ முகமெல்லாம் சிரிப்பு. நீ வரும் வழியைப் பார்க்கவேண்டும் என்று ஒரே அடம். ஞாயிறு சக்கர நாற்காலியில் ஏரிக்கரைக்குக் கொண்டுபோனோம். நல்ல காற்று, அலை கல்லில் ஏறி அடித்தது. மற்றக் கரையைத் தேடித் தேடிப் பார்த்தார். பிறகு, "உது குளமில்லைப் பிள்ளை, கடல். உங்கட அப்பாவைக் கடல் கொண்டுபோனது போதும். அவனை வரவேண்டாமெண்டு சொல்லு" என்றார்.

அன்றிலிருந்து உன்னைக் கேட்பதில்லை. கதவு தட்டினாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. முன்பு உன்னைக் கேட்டு அவர் அரித்தெடுத்தபோது எரிந்து விழுந்தேன். இப்போது ஒருதரம் கேட்கமாட்டாரா என்று தவிக்கிறேன்.

அம்மாவுக்குப் பிறகு செய்யவேண்டிய காரியங்களை நினைத்துக் குழம்பாதே. என் மகன் கிருஷாந் இருக்கிறான். வேட்டி கட்டப் பழகிவிட்டான்.

படகு வேண்டாம், தம்பி. உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன். வேலையில் போனை லொக்கருக்குள் வைக்காமல் பொக்கற்றில் வைத்திரு. நான் அழைத்தால் உடனே எடு, அம்மாவின் காதில் பிடிக்கிறேன். அழாமல், "நான் வரேல்லை அம்மா" என்று மட்டும் சொல்லு. நீ படகில் ஏறவில்லை என்று கேட்கத்தான் காத்திருக்கிறார்.

நீ நல்லாயிருக்கவேண்டும் என்று அம்மனுக்கு நேர்ந்துகொள்ளும்
அக்கா நிஷாந்தி