தலையில் வைத்த கை

சனிக்கிழமை, இரவு

எழுதவும் கூடாத சபாத் ஓய்வுநாள் முடிந்தது. இனி பேனாவைத் தொடலாம். நேற்று நடந்தது மனதை விட்டுப் போகவில்லை.

வெள்ளிதோறும் அம்பத்தூரில் எங்கள் வீட்டில் நான்கு யூதக் குடும்பங்கள் கூடுகிறோம். பிள்ளைகளுக்கு எபிரேய ஜெபங்களைச் சொல்லித்தருவது நான். நேற்று விளக்கேற்றியதும் அப்பாக்கள் பிள்ளைகளின் தலையில் கை வைத்து ஆசீர்வதித்தார்கள். பாடிப் பக்கம் ஒரு பட்டறையில் லேத் ஓட்டும் தாவீது மட்டும் பால்கனிக்கு நழுவினார். மகள் ரூத் விடவில்லை.

"நைனா, அங்க இன்னா பண்ணிகினு கீற? வந்து கைய வை."

"எனக்கு அந்த வார்த்தைலாம் தெரியாதும்மா."

"நான் சொல்றேன், நீ சொல்லு."

அவள் சொல்ல, அவர் தடுமாறிச் சொன்னார். கை அவள் தலையில் இருந்தது.

ஜெப வகுப்பில் பிள்ளைகளை மட்டும் உட்காரவைத்தது போதும். இனி பெற்றோரும் சேர்ந்துதான். சற்றுமுன் தாவீதுக்குப் போன் செய்து, அவரையும் படிக்க அழைத்தேன்.

"ரூத்து சிரிக்கும்பா."

சிரிக்கட்டும். வரச் சொல்லிவிட்டேன்.