வயல் என்று நிறமிட்ட தெரு

மச்சான், மேசை இழுப்பறையைத் துடைத்தபோது அந்த ஃபிளாப்பி கையில் தட்டுப்பட்டது. மேலே ஒட்டிய தாளில் உன் கோணல் எழுத்து: ‘சரியானது’. வெளியே வானம் இருட்டிக்கொண்டு வருகிறது.

தொண்ணூறுகளில் நம் அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்த புதிதில், அம்பத்தூர்ப் பக்கம் மழை பெய்தால் தெருவில் எவ்வளவு தண்ணீர் ஓடும் என்று கணக்கிடச் சொன்னார்கள். அதை வைத்துத்தான் வடிகால் கட்டுவார்கள். பழைய சர்வே படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, வயலுக்குப் பச்சை, கட்டடத்துக்குச் சிவப்பு என்று நிறமிடுவது என் வேலை. பச்சையில் விழும் மழையைப் பெரும்பாலும் மண் குடித்துவிடும். சிவப்பில் விழுவது அப்படியே தெருவுக்கு வரும். நேரில் நடந்து சரிபார்ப்பது உன் வேலை.

பழைய படத்தில் இருந்தபடி, மேனாம்பேட்டில் உன் தெருவையே பச்சையாக்கியிருந்தேன். "இன்னா மச்சான், வயலு எங்க கீது? என் ஊடே அங்கதான கீது" என்று சிரித்தாய். சிவப்பாக்கினேன். தண்ணீரின் அளவு எங்கேயோ ஏறிவிட்டது.

மேலதிகாரி கூப்பிட்டார். பழைய கணக்கில் செலவு மதிப்பீடு ஏற்கெனவே மேலிடத்துக்குப் போய்விட்டது, பழையபடி மாற்று என்றார். நான் தற்காலிக ஆள். வேலை போய்விடுமோ என்று பயந்து மாற்றினேன். அதற்கு முன் சிவப்புப் படத்தை இந்த ஃபிளாப்பியில் ஒரு பிரதி எடுக்கச் சொன்னவன் நீ. "வெச்சிக்க மச்சான், யாராச்சும் கேட்டா காட்டலாம்." யாரும் கேட்கவில்லை. நானாகக் காட்டவும் இல்லை.

வடிகால் ஒடுக்கமாக வந்தது. அடுத்த ஐப்பசி மழையில் உன் வீட்டுக்கு ஓடி வந்தேன். முழங்கால் தண்ணீரில், கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாய். "வா மச்சான், வந்து உன் வயலப் பாரு" என்றாய். திட்டியிருந்தால் தேவலை.

கண்ணை மூடும்வரை வீட்டில் ஒருவரிடமும் நீ இதைச் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றினாயா, தண்டித்தாயா, இன்றும் தெரியவில்லை.

அன்று உன் தோளில் இருந்தவள்தான் இப்போது அந்த வீட்டில் தன் குழந்தையோடு இருக்கிறாள். முதல் தூறல் விழுந்ததும் போன் செய்தாள். "மாமா, இன்னிக்கு எவ்ளோ தண்ணி வரும்? உங்களுக்குத்தான் கணக்கு தெரியும்னு அப்பா சொல்லும்."

"சாமானையெல்லாம் கட்டில் மேல ஏத்திட்டு, கொழந்தையத் தூக்கிக்கினு இங்க வந்துடும்மா" என்றேன்.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும், மாமா."

ஃபிளாப்பி இன்னும் கையில்தான் இருக்கிறது. அவள் வந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். மழை வலுக்கிறது. பயமாக இருக்கிறது, மச்சான்.