சுவரில் தொங்கும் என் பெயர்

ஹைடெல்பர்க்,
9.3.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

ஜோதி எழுதுவது. ஆய்வகத்தில் சேர்ந்து ஒரு மாதமாகிறது. குளிர் பழகிவிட்டது, ரொட்டிதான் பழகவில்லை.

நேற்று அண்ணி சொன்னார்கள். நம் மெடிக்கலில் வசந்தா அக்காவுக்கு பிரஷர் மாத்திரைக்குப் பதில் சர்க்கரை மாத்திரை கொடுத்துவிட்டாயாமே. மயங்கி விழுந்து, செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்திருக்கிறார். பார்மசிஸ்ட் என்று உன் கடைச் சுவரில் தொங்குவது என் சான்றிதழ். நான் அங்கே வேலையை விட்டு ஏழு வருஷமாகிறது. தயவுசெய்து கழற்றிவிடு.

உன் தங்கை,
ஜோதிலட்சுமி

திருக்கழுக்குன்றம்,
30.3.2024

ஜோதிக்கு,

வசந்தா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுட்டேன். அவசரத்துல அட்டை மாறிப்போச்சு. அதுக்காக உன் சான்றிதழைக் கழட்டிட்டு, அப்பா வெச்ச கடையை மூடச் சொல்றியா?

உன்னை பி.பார்ம் படிக்க வெச்சதே கடைக்காகத்தான். எம்.பார்ம்னே, சரின்னேன். அப்புறம் மாலிகுலர் பயாலஜின்னு பெங்களூர்ல அஞ்சு வருஷம் பி.எச்டி. இப்ப ஜெர்மனியில போஸ்ட்டாக்னு ஆராய்ச்சி. இன்னும் எத்தினி வருஷம் படிப்பே? பேரை மட்டும் விட்டுவைன்னா அதுவும் முடியாதா? கூடப் பொறந்தவனுக்கு உதவாத படிப்பு இன்னா படிப்பு?

தீனதயாளன்

ஹைடெல்பர்க்,
18.4.2024

அண்ணா,

நான் படிக்கவில்லை, வேலை செய்கிறேன். மருந்துக்கு அடங்காத கிருமி தன்னை எப்படி மாற்றிக்கொள்கிறது என்று கண்டுபிடிக்கும் வேலை. நம் கடையில் நின்றபோது ராஜாராம் மாமாவுக்கு மூன்று முறை மருந்து மாற்றியும் காய்ச்சல் இறங்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "அது டாக்டர் பாடு" என்றாய். என்னால் அப்படி விட முடியவில்லை. அதனால்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

நீ படிக்க வைத்ததை மறக்க மாட்டேன். ஆனால் பெயரைத் தர மாட்டேன். அந்தக் கடையில் நான் வேலை செய்யவில்லை என்று மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு இன்று எழுதிவிட்டேன். நகல் இத்துடன்.

திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

ஜோதி

திருக்கழுக்குன்றம்,
2.10.2024

ஜோதிக்கு,

மே மாசமே கடையைப் பூட்ட வெச்சுட்டாங்க. உனக்கு எழுதவே கூடாதுன்னு இருந்தேன். இப்ப ஜெபகுமார்னு ஒரு பார்மசிஸ்ட் கல்பாக்கத்துலேர்ந்து வர்றார். அவர் இருக்கிற நேரம்தான் கடை.

உன் அண்ணி பொன்னி, தானே பார்மசிஸ்ட் ஆகணும்னு டி.பார்ம் சேர்ந்துட்டா. முப்பத்தெட்டு வயசுல உனக்கு எதுக்குன்னேன். "தங்கச்சியையே தடுக்க முடியல, என்னையா தடுக்கப் போறீங்க?"ன்னு கேட்டா. தினம் காலையில நான்தான் பஸ் ஸ்டாண்டுல விடுறேன்.

பாடத்துல அவளுக்கு ஏதோ சந்தேகமாம். ஞாயித்துக்கெழமை போன் பண்ணு. அவளுக்குத்தான். என் கோவம் இன்னும் தீரல.

அண்ணன்