மாலை ஐந்து மணிக்கு அறுந்துபோகும் இணைப்பு

மார்ச் 4, செவ்வாய்

இன்று கடைக்கு வந்த ஒரு அம்மா இருக்கிற ஃபிரேம் எல்லாம் மாட்டிப் பார்த்துவிட்டு, முதலில் மாட்டியதையே வாங்கிக்கொண்டு போனார். கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவளுக்குப் பொறுமைதான் முதல். அதை முழுக்க அங்கேயே செலவழித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். இவர் அதற்குள் சட்டை மாற்றி, தலை வாரி, லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தார். பட்டன் மட்டும் ஒரு ஓட்டை தள்ளிப் போட்டிருந்தது. இடது கையாலேயே போட்டது என்பதால் நான் திருத்தவில்லை.

ஐந்து மணிக்குப் பேச்சுப் பயிற்சி. டீச்சர் வேறு ஊரிலிருந்து வீடியோவில் வருகிறார். குடைப் படத்தைக் காட்டி, இது என்ன சார் என்று கேட்டார். இவர் உதடு குவிந்தது. கு வந்துவிடும், வந்துவிடும் என்று நான் நாற்காலி நுனிக்கே வந்துவிட்டேன். டீச்சர் திரையில் அப்படியே உறைந்து நின்றுவிட்டார், பாதிக் கண் மூடி, வாய் ஒரு பக்கம் கோணியபடி. திரையின் மூலையில் வைஃபை குறியைக் காணவில்லை. அது தானாகத் திரும்பி வருவதற்குள் இவர் வாயை மூடிக்கொண்டார்.

அந்த ஒரு சொல் வந்திருக்கும். கண்ணால் பார்த்தேனே.

மார்ச் 7, வெள்ளி

இன்றும். அறுந்து, வந்து, அறுந்து. டீச்சர் "இப்ப கேக்குதாம்மா, இப்ப கேக்குதாம்மா" என்று கேட்பதிலேயே பாதி நேரம் போனது.

வைஃபை பெட்டி மேல்வீட்டில் இருக்கிறது. வாடகையோடு சேர்த்துத்தான் கொடுத்திருக்கிறார்கள். மாடி ஏறிக் கேட்டேன். எங்கள் வீட்டில் எல்லாம் நன்றாக ஓடுகிறதே என்றார் வீட்டுக்காரர். வாஸ்தவம்தான், என் போனிலும் ஓடுகிறது. போனிலேயே பயிற்சியை வைத்துக்கொள்ளலாம் என்றால், பக்கவாதத்துக்குப் பிறகு இவருக்கு வலது பக்கப் பார்வை பழுது. சின்னத் திரையில் படம் பாதிதான் தெரிகிறது. குடையில் கைப்பிடி இல்லாவிட்டால் அது காளானா குடையா என்று எனக்கே சொல்ல வராது.

முதல் ஒரு வருடத்தில் வருகிற பேச்சுதான் பெரும்பாலும் வரும் என்று டீச்சர் ஆரம்பத்திலேயே சொல்லியிருக்கிறார். செப்டம்பரில் விழுந்தார். பாதி வருடம் போய்விட்டது. மீதியை இந்தப் பாழாய்ப்போன இணைப்பு தின்றுகொண்டிருக்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

கொழுந்தன் வந்தான். லேப்டாப்பைத் தட்டி, கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து, ஓடுகிற எழுத்துகளைக் கொஞ்ச நேரம் படித்தான். வைஃபை கார்டின் ஃபர்ம்வேர் கிராஷ் ஆகிறதாம். அப்படியென்றால் என்னடா என்றேன். கார்டுக்குள்ளேயே அதற்கென்று ஒரு குட்டிப் புரோகிராம் இருக்கிறது, அது மயங்கி விழுகிறது, லேப்டாப்பை ஓட்டுகிற லினக்ஸ் அதைத் தண்ணீர் தெளித்து எழுப்பிவிடுகிறது, திரும்ப விழுகிறது என்றான். ஏன் விழுகிறது? தெரியாதாம். இவர் விழுந்தபோது டாக்டரும் இதையேதான் சொன்னார்.

பிறகு சொன்னான், "இதை அழிச்சுட்டு எல்லாரும் வச்சிருக்கிற சிஸ்டத்தப் போட்டுடலாம் அண்ணி. அண்ணன் ஒருத்தர்தான் இந்த லினக்ஸக் கட்டிக்கிட்டு அழுவாரு."

அண்ணன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பேச்சு போனால் காதும் போய்விட்டது என்று நினைக்கிறார்கள் எல்லோரும். இவர் இடது கையை நீட்டி லேப்டாப்பை மூடி, அதன் மேலேயே கையை வைத்துக்கொண்டார். கொழுந்தன் காபி குடித்து, செருப்பு மாட்டிக் கிளம்புகிற வரைக்கும் எடுக்கவில்லை. கல்லூரியில் இருபது வருடம் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டவர். வீட்டில் என்னோடு பேசியதைவிட இந்தப் பெட்டியைத் திட்டியதுதான் அதிகம். அழிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

குடை வரவில்லை. டீச்சரும் முழுசாக வரவில்லை.

மார்ச் 13, வியாழன்

எனக்கு இத்தனை நாள் தோன்றவே இல்லை — இவரையே கேட்டால் என்ன? இந்த லேப்டாப்பில் இவருக்குத் தெரியாத மூலை இல்லை.

கறுப்புத் திரையைத் திறந்து காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, தலையை வலப்பக்கம் திருப்பித் திருப்பி வரி வரியாகப் படித்தார். முகம் மாறிவிட்டது. பழைய முகம். கல்லூரியிலிருந்து போன் வந்தால் வைத்துக்கொள்கிற அந்த "அட, இவ்வளவுதானா" முகம். என்னைப் பார்த்தார், வாயைத் திறந்தார்.

"அப்புறம்," என்றார்.

இவருக்கு மிச்சம் இருக்கிற சொல் அது ஒன்றுதான். பசித்தாலும் அப்புறம், வலித்தாலும் அப்புறம். விசைப்பலகையைத் தள்ளினேன். இடது கை விரலால் என்னவோ தட்டினார், எழுத்துகள் கலைந்து விழுந்தன. பேட்டரியா என்றேன். பாஸ்வேர்டா? கார்டையே கழற்றணுமா? வேற கார்டா? நான் கேட்கக் கேட்க இவருக்கு மூச்சு வாங்கியது. அப்புறம், அப்புறம் என்று மேசையைக் குத்தினார். தண்ணீர் டம்ளர் உருண்டது. நான் துடைக்கிற சாக்கில் சமையலறைக்குப் போய்விட்டேன்.

வழி தெரிந்தவருக்கு வாய் இல்லை. எனக்கு வாய்க்கு ஒரு குறைச்சலும் இல்லை. என்ன குடும்பம் இது.

மார்ச் 16, ஞாயிறு

லினக்ஸ் உதவிக் குழு ஒன்று இருக்கிறதாம், கொழுந்தன் அனுப்பினான். கறுப்புத் திரையில் இருந்ததை அப்படியே ஒட்டி, "எனக்கு ஒன்றும் தெரியாது, வைஃபை அடிக்கடி அறுந்துபோகிறது, தயவுசெய்து உதவுங்கள்" என்று போட்டேன். நாலைந்து பேர் நாலைந்து விதமாகச் சொன்னார்கள். ஒருவர் இதையெல்லாம் முதலிலேயே தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கக் கூடாதா என்று எழுதினார். ஐயா, தேடத் தெரிந்தால் உங்கள் வாயில் ஏன் விழுகிறேன்.

பெயருக்குப் பக்கத்தில் ஆந்தைப் படம் வைத்திருக்கும் ஒருவர் மட்டும் பொறுமையாகக் கேட்டார். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள், ஒன்றை மாற்றி, பார்த்து, பிறகு அடுத்தது என்றார். இது எனக்குப் புரிகிற பாஷை. கடையில் வில்லை மாற்றுவதும் அப்படித்தான். முதல் வேலை, கார்டின் மின்சேமிப்பை நிறுத்துவது. அவர் கொடுத்த வரியை எழுத்து எழுத்தாகப் பார்த்துத் தட்டினேன்.

மார்ச் 18, செவ்வாய்

வழக்கத்தைவிட அதிக நேரம் தாங்கியது. சரியாகிவிட்டது என்று மனசுக்குள் சாமி கும்பிட்டேன். டீச்சர் சீப்புப் படத்தை எடுத்ததும் விழுந்தது.

மார்ச் 21, வெள்ளி

ஆந்தை சொன்ன இரண்டாவது வைத்தியம்: கார்டைப் பழைய, மெதுவான முறையில் ஓட்டுவது. டீச்சரின் முகம் கட்டம் கட்டமாக வந்தது. பிறகு அதுவும் நின்றது. நான் இவரைப் பார்த்துக் கத்திவிட்டேன், லைன் வர்றதுக்குள்ளயாவது அந்தச் சொல்லைச் சொல்லிப் பாருங்களேன், எனக்கு முன்னாடி சொன்னா என்ன குறைஞ்சா போயிடும் என்று. கார்டைத் திட்ட முடியாமல் இவரைத் திட்டினேன். இவர் குனிந்து தன் வலது கையை எடுத்து மடியில் ஒழுங்காக வைத்துக்கொண்டார்.

எனக்கு முடியல. யாருகிட்ட போய்ச் சொல்ல.

மார்ச் 23, ஞாயிறு

ஆந்தை கேட்டார்: எப்போதிலிருந்து இப்படி? அதற்கு முன்னால் ஏதாவது அப்டேட் போட்டீர்களா?

பிப்ரவரி நடுவிலிருந்து. திரையில் "புதுப்பிக்கட்டுமா" என்று வந்துகொண்டே இருந்தது, நான்தான் சரி என்று அழுத்தினேன். புதுசு என்றால் நல்லதுதானே என்ற நினைப்பு. அப்படியானால் புது ஃபர்ம்வேர் கோப்பு வந்திருக்கும் என்றார். பழைய கோப்பும் அதே இடத்தில்தான் இருக்கிறது, புதியதை மட்டும் அப்புறப்படுத்தினால் லினக்ஸ் தானாகப் பழையதை எடுத்துக்கொள்ளும் என்று எழுதினார்.

இந்த முறை இவரிடம் போய்க் கேள்வி கேட்கவில்லை. குழுவில் வந்த யோசனைகளை ஒவ்வொன்றாக வாசித்தேன். கார்டை மாற்றுவது — இல்லை என்று தலையாட்டினார். எல்லாவற்றையும் அழித்துத் திரும்பப் போடுவது — இல்லை, இல்லை. பழைய ஃபர்ம்வேர் — மேசையைத் தட்டினார். உங்களுக்கு இது அன்னைக்கே தெரியுமா என்றேன். திரும்பவும் தட்டினார். நான் அன்று பேட்டரி, பாஸ்வேர்டு என்று ஏலம் விட்டதற்குப் பதில் கொஞ்சம் நிதானமாக வாசித்துக் காட்டியிருக்கலாம்.

இவர் பக்கத்திலிருந்து பார்க்க, நான் தட்டினேன். ஒரு இடத்தில் என் கையைப் பிடித்து நிறுத்தினார். ஒரு எண்ணைத் தப்பாக அடித்திருந்தேன். லேப்டாப்பை அணைத்துத் திரும்பப் போட்டோம். மாலை வரை ஏதோ சமையல் வீடியோவை ஓடவிட்டு, இரண்டு பேரும் அடுப்பில் வைத்த பாலைப் போல அந்தக் குறியையே பார்த்துக்கொண்டிருந்தோம். விழவில்லை.

நாளை மறுநாள் குடை வந்துவிடும்.

மார்ச் 25, செவ்வாய்

ஒரு தடவைகூட அறுபடவில்லை.

டீச்சரின் முகம் அவ்வளவு தெளிவு. அவர் காதில் போட்டிருக்கும் கம்மலின் கல் நீலம் என்பதே இன்றுதான் தெரிந்தது. குடையைக் காட்டினார். இவர் உதடு குவிந்தது. நான் நாற்காலி நுனியில். டீச்சர் காத்திருந்தார், கண் சிமிட்டினார், லேசாகத் தலையசைத்தார். எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. இவர் உதடு அப்படியே குவிந்திருந்தது. பிறகு மூடிக்கொண்டது.

சீப்பு. சாவி. செருப்பு. ஒவ்வொன்றுக்கும் அதே மாதிரி. முழுப் பயிற்சியும் அப்படியே முடிந்தது.

அறுந்துபோகிற இடத்தில் ஒரு சொல் இருந்தது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். அங்கே ஒன்றும் இருக்கவில்லை.

மார்ச் 26, புதன்

ஆந்தை, "சரியாச்சா அக்கா?" என்று கேட்டிருந்தார். சரியாகிவிட்டது, ரொம்ப நன்றி தம்பி என்று எழுதினேன். கடையில் ஒருவருக்குத் தப்பான பவர் எழுதிக்கொடுத்துவிட்டு, அவர் வாசல் தாண்டுவதற்குள் ஓடிப்போய்த் திரும்ப வாங்கினேன்.

அந்தக் கோளாறே திரும்ப வந்தால் தேவலை. எழுதவே கூசுகிறது. ஆனால் அதுதான் நிஜம்.

மார்ச் 28, வெள்ளி

இன்றும் இணைப்புக்கு ஒரு குறையும் இல்லை. இவருக்குத்தான் வியர்த்தது. முன்பெல்லாம் அறுந்தால் கொஞ்சம் சாய்ந்து உட்காருவார், தண்ணீர் குடிப்பார். இப்போது மூச்சு விட இடமே இல்லை. படம் வந்து நிற்கிறது, டீச்சர் காத்திருக்கிறார், நான் காத்திருக்கிறேன். அப்போதுதான் கவனித்தேன் — சொல் வராதபோதெல்லாம் இவர் கண் திரையின் மூலைக்குப் போகிறது. வைஃபை குறி இருக்கிற மூலைக்கு. அது மறையுமா என்று பார்க்கிறார்.

பயிற்சி முடிந்ததும் டீச்சருக்குத் தனியாகப் போன் செய்தேன். லைன் சரியானால் பேசிவிடுவார் என்று நினைத்தேன் என்றேன்.

"எனக்கு முன்னாடியே தெரியும்மா," என்றார். "நீங்க அந்தக் கார்டோட அவ்வளவு போராடிக்கிட்டிருந்தீங்க. எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. பயிற்சியை நிறுத்திவிடலாமா என்று கேட்டேன். வேண்டாம், இன்னும் காலம் இருக்கிறது, வந்தாலும் வரும் என்றார்.

ஏப்ரல் 1, செவ்வாய்

டீச்சர் சாவிப் படத்தைக் காட்டினார். இவர் வாயைத் திறந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. ஒன்றும் வரவில்லை. கண் மூலைக்குப் போனது. குறி அங்கேயே குத்துக்கல் மாதிரி இருந்தது. இடது கண் ஓரத்தில் தண்ணீர் திரண்டதைப் பார்த்தேன்.

என்னால் தாங்கவில்லை. இவர் பார்வை எட்டாத வலப்பக்கத்திலிருந்து கையை நீட்டி, விசைப்பலகையில் வைஃபையை நானே அணைத்தேன். டீச்சர் அப்படியே நின்றார்.

"கார்டு மறுபடி விழுந்துடுச்சு போலிருக்குங்க," என்றேன். "வர்றப்ப வரட்டும். நீங்க தண்ணி குடிங்க."

இவர் குறியைப் பார்த்தார். கார்டு தானாக விழுந்தால் அந்தக் குறியே இருக்காது. கையால் அணைத்தால் குறி மங்கலாகி, அதன் மேல் ஒரு கோடு விழும். எனக்கே இந்த ஒரு மாதத்தில் தெரிந்துவிட்டது, இவருக்குத் தெரியாதா. என் முகத்தை ஒரு தரம் பார்த்தார். நான் தண்ணீர் கொண்டுவருகிற சாக்கில் உள்ளே போய், டம்ளரைக் கழுவினேன், திரும்பவும் கழுவினேன்.

டீச்சரின் குரல் கேட்டது. ஓடி வந்து பார்த்தால் இணைப்பு வந்திருக்கிறது. இவர் இடது கை இன்னும் விசைப்பலகை மேல் இருந்தது. கண்ணைத் துடைத்திருந்தார், நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"என்ன சார், லைன் போயிடுச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார் டீச்சர்.

இவர் என் பக்கம் திரும்பாமல், ஆமாம் என்று தலையாட்டினார்.