வெங்காயத்தாள் என் பங்கு

மட்சுமோதோ
18 ஜனவரி 1987

அன்புள்ள சிஹோவின் அப்பாவுக்கு,

சளி ஒன்றைத் தவிர இங்கே எனக்கும் சிஹோவுக்கும் குறையொன்றும் இல்லை. தண்ணீர்க் குழாய் போன வாரம் உறைந்துபோனது. பழைய போர்வையைச் சுற்றிக் கட்டியிருக்கிறேன். நீங்கள் இருந்தால் அதற்கு ஒரு குறை சொல்லியிருப்பீர்கள், அந்தச் சத்தம் இல்லாமல் வீடு ஒரு மாதிரியாக இருக்கிறது.

உங்கள் சட்டைப் பார்சல் வந்தது. துவைத்து இஸ்திரி போட்டுப் புதன்கிழமை அனுப்புகிறேன். கூடவே கருப்புக் கோட்டையும் அனுப்பியிருக்கிறீர்கள். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். தொலைபேசியிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் அது சிஹோவின் அறைக் கதவை ஒட்டி இருக்கிறது. நுழைவுத் தேர்வு நெருங்கிவிட்டது. அப்பாவும் அம்மாவும் குரல் மாறிப் பேசினால் உள்ளே அவள் பென்சில் நின்றுவிடுகிறது.

கோட்டை விரித்ததும் கூடம் முழுக்கக் கரிப்புகை. கோழிக்கொழுப்பு நெருப்பில் சொட்டினால் வருமே, அந்தப் புகை. காலரில் இருந்தால் சரி, வழியில் பட்டது என்று விட்டுவிடுவேன். உள்துணி வரை ஏறியிருக்கிறது. ஒருநாள் போய் உட்கார்ந்தால் அவ்வளவு ஏறாது.

போன மாதம் வந்திருந்தபோது என்ன சொன்னீர்கள்? கம்பெனி விடுதிச் சாப்பாட்டைத் தவிர வேறு கதியில்லை, சூப்பில் வெங்காயத்தாளைப் போட்டே கொல்கிறார்கள், வயிற்றுக்கு ஆகாது என்றால் சமையல்காரன் கேட்பதில்லை என்று புலம்பினீர்கள். நானும் பாவம் என்று ஜாடி நிறைய முள்ளங்கி ஊறுகாய் கட்டிக் கொடுத்தேன். அதை யார் சாப்பிட்டார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.

இன்னொன்று. தையல் சாமான் கடை முதலாளியம்மா, ஏப்ரலில் நான் இருக்கிறேனா போகிறேனா என்று இந்தப் பிப்ரவரிக்குள் சொல்லச் சொல்கிறார். உங்களை டோக்கியோவுக்கு ரயிலேற்றிய அன்று நாம் பேசியது நினைவிருக்கும். சிஹோவின் தேர்வு முடிந்ததும் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு நாங்களும் அங்கே வந்துவிடுவது என்று. இப்போது கேட்டால் 'பார்க்கலாம்' என்கிறீர்கள். பார்க்கலாம் என்று நீங்கள் சொன்ன எதையும் நாம் இதுவரை பார்த்ததில்லை.

கோட்டை வெயிலில் போட்டிருக்கிறேன். வாசனை போகவில்லை.

உங்கள்
ஹருயோ


டோக்கியோ
24 ஜனவரி 1987

பிரியமுள்ள ஹருயோ,

உன் கடிதம் படித்துச் சிரித்தேன். நீ நூல்கண்டு விற்பதை விட்டுவிட்டுக் காவல் துறையில் சேர்ந்திருக்கலாம். கோட்டை அனுப்பும்போதே நினைத்தேன், இவள் மூக்கு சும்மா இருக்காது என்று.

ஒப்புக்கொள்கிறேன். ரயில் பாலத்துக்கு அடியில் கோழிக் குச்சி சுடுகிற கடை ஒன்று இருக்கிறது. வியாழக்கிழமைகளில் மட்டும் போகிறேன். நீ அங்கே தனியாகக் கஷ்டப்படும்போது நான் இங்கே சப்புக்கொட்டித் தின்கிறேன் என்று எழுத மனம் வரவில்லை. அதனால்தான் சொல்லவில்லை. வேறொன்றும் இல்லை.

கடை என்றால் பெரிதாக நினைக்காதே. ஒரு நீளப் பலகை, ஒன்பது நாற்காலி, அவ்வளவுதான். பலகைக்கு அந்தப் பக்கம் முதலாளி யோனெகுரா விசிறியோடு நிற்பார். பட்டியல் கிடையாது. அவர் கொடுப்பதைச் சாப்பிட வேண்டும், போதும் என்றால் நிறுத்துவார். சிடுமூஞ்சி. வாசனைத் திரவியம் போட்டுக்கொண்டு வந்த ஒருவரை வாசலோடு திருப்பி அனுப்பினார். என்மேல் மட்டும் என்னவோ பிரியம். புகை முகத்தில் அடிக்காத மூலை நாற்காலி இரண்டையும் வியாழக்கிழமை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பார்.

கோழியின் வயிற்றுக்குள் ஓடு கட்டாத முட்டை இருக்குமே, அதை ஒரு குச்சியில் தொங்கவிட்டு வாட்டித் தருவார். எல்லோருக்கும் கிடைக்காது. போன வாரம் எங்கள் பக்கம் நீட்டினார். ஆளுக்குப் பாதியாகச் சாப்பிட்டோம். உன்னை நினைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் விஷயம். அவசரப்படாதே. இங்கே வீட்டு வாடகை கண்ணைக் கட்டுகிறது. சிஹோவுக்கு எந்தக் கல்லூரி என்று தெரியட்டும். ஒரு வருடம் தள்ளிப்போட்டால் ஒன்றும் குடிமுழுகாது. முதலாளியம்மாவிடம் இருக்கிறேன் என்றே சொல்லிவிடு.

ஊறுகாயை நானேதான் சாப்பிட்டேன்.

குனியோ


மட்சுமோதோ
30 ஜனவரி 1987

அன்புள்ள சிஹோவின் அப்பாவுக்கு,

நீங்கள் சிரித்தது சந்தோஷம். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

உங்கள் கடிதத்தைச் சமையலறையில் நின்றுகொண்டே திரும்பத் திரும்பப் படித்தேன். ஒரு மனிதருக்கு எதற்கு இரண்டு நாற்காலி? ஒன்றில் நீங்கள், இன்னொன்றில் கோட்டா? கோட்டு உட்கார்ந்திருந்தால் அவ்வளவு புகை ஏறியதற்குக் காரணம் இருக்கிறது. ஆனால் அது முட்டையில் பங்கு கேட்டிருக்காது.

அந்த முட்டையைப் பற்றியும் யோசித்தேன். வாட்டிய மஞ்சள் கருவை முழுதாக வாயில் போட்டு உடைக்க வேண்டும். பாதியாக்கினால் தட்டெல்லாம் ஓடும். அதையும் பாதியாக்கி ஒருவருக்குக் கொடுக்க வேண்டும் என்றால் அந்த ஆள்மேல் எவ்வளவு அக்கறை இருக்க வேண்டும்? யார் அது?

சும்மா கேட்கிறேன் என்று நினைக்காதீர்கள். இந்த ஊரை விட்டு, வேலையை விட்டு, நான் நட்ட பேரிக்காய் மரத்தை விட்டு உங்களிடம் வரத் தயாராக இருக்கிறேன். வர வேண்டாம் என்றால் காரணம் வாடகைதானா என்று எனக்குத் தெரிய வேண்டும். வாடகைதான் காரணம் என்றால் சின்ன அறையில் மூவரும் நெருக்கியடித்துப் படுப்போம், எனக்கு அது பெரிதில்லை.

நேராகப் பதில் எழுதுங்கள்.

ஹருயோ


டோக்கியோ
6 பிப்ரவரி 1987

ஹருயோ,

நேராகவே எழுதுகிறேன். இன்னொரு நாற்காலியில் உட்காருவது ஓகாதா. அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர், உனக்கும் தெரியும், நம் வீட்டுக்கு வந்து பேரிக்காய் தின்றவர். பல் ஒன்று போய்விட்டது, மெல்ல முடிவதில்லை. முட்டை மெத்தென்று இருக்கிறதே என்று பாதி கொடுத்தேன். இதற்கு இவ்வளவு பெரிய விசாரணை.

இருபது வருடக் குடித்தனத்துக்குப் பிறகு ஒரு கோட்டை மோந்து பார்த்துவிட்டு இப்படி எழுதுவாய் என்று நான் நினைக்கவில்லை. இங்கே கணக்கு முடிக்கிற மாதம், தலைக்கு மேல் வேலை. வாரத்தில் ஒருநாள் நெருப்புப் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறேன். அதையும் விட்டுவிடச் சொன்னால் விட்டுவிடுகிறேன்.

சிஹோவிடம் எதுவும் சொல்லிவைக்காதே. அவள் படிக்கட்டும்.

சட்டைகள் தனிப் பார்சலில் வருகின்றன. நீலச் சட்டையில் ஒரு பொத்தான் இல்லை.

குனியோ


மட்சுமோதோ
15 பிப்ரவரி 1987

குனியோ அவர்களுக்கு,

ஓகாதா நலமாக இருக்கிறார். ஒசாகாவுக்கு மாற்றலாகிப் போய்விட்டதாகப் புத்தாண்டு அட்டையில் எழுதியிருந்தார், புது முகவரியோடு. வழக்கம்போல் பதில் அட்டை எழுதியது நான்தான். வீட்டுக்கு வருகிற அட்டைகளை நீங்கள் எப்போதுமே படிப்பதில்லை, அதனால் உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை, எனக்குத் தெரியும் என்று.

செவ்வாய்க்கிழமை டோக்கியோ வந்திருந்தேன். மாணவியர் விடுதி பார்க்கப் போகிறேன் என்று சிஹோவிடம் சொன்னேன், பார்க்கவும் செய்தேன். மாலையில் கடை திறந்ததற்கு அடையாளமாக வாசல் துணியைக் கட்டித் தொங்கவிடுகிற நேரத்துக்கு உங்கள் கடைக்குப் போனேன். வியாழக்கிழமையை வேண்டுமென்றேதான் தவிர்த்தேன். உங்களைப் பிடிக்க வரவில்லை. நீங்கள் எழுதியது எப்படியாவது உண்மையாக இருந்துவிடட்டும் என்றுதான் வந்தேன்.

யோனெகுரா நீங்கள் சொன்ன மாதிரியே சிடுமூஞ்சிதான். "யார் சொல்லி வந்தீங்க?" என்றார்.

"யாரும் சொல்லல. வாசனையப் பிடிச்சுக்கிட்டே வந்தேன்" என்றேன். அது பொய்யில்லை. அவருக்குப் பிடித்துவிட்டது போலிருக்கிறது, நெருப்புக்கு நேர் எதிரே உட்காரச் சொன்னார்.

முதலில் தொடைக்கறியும் வெங்காயத்தாளும் மாற்றி மாற்றிக் கோர்த்த குச்சி வந்தது. நான் யோசிக்கவே இல்லை. சாப்பிடுகிற குச்சிகளை எடுத்துத் துண்டு துண்டாகத் தட்டில் உருவத் தொடங்கினேன். கறி ஒரு பக்கம், வெங்காயத்தாள் ஒரு பக்கம். கை பாட்டுக்குச் செய்கிறது. விசிறி நின்றுவிட்டது.

"என்னம்மா பண்றீங்க?"

"உருவி வைக்கிறேன்."

"அதான் பாக்குறேனே. யாருக்கு? பக்கத்துல ஆள் இருக்கா?"

இல்லை என்றேன்.

"அப்புறம் எதுக்கு? நுனித் துண்டுக்கு உப்பு தூக்கலாப் போட்டிருக்கேன், போகப்போகக் குறைச்சிருக்கேன். நீங்க உருவிக் கொட்டிட்டா எது முதல்ல, எது கடைசி? சூடும் போச்சு, சாறும் போச்சு. நான் உக்காந்து உக்காந்து கோர்த்ததுக்கு என்ன மரியாதை?"

எனக்கு முகம் எரிந்தது. பக்கத்தில் இருந்த ஆள், ரப்பர் செருப்போடு வந்திருந்தார், மீன் கடைக்காரராக இருக்கலாம், எனக்குப் பரிந்து பேசினார்.

"விடுங்கண்ணே. எங்கள எல்லாம் வெரட்டு வெரட்டுன்னு வெரட்டறீங்க. அந்த மூலை ஜோடிய மட்டும் கண்டுக்கவே மாட்டேங்கிறீங்க."

"மொமோசேவா? அவரு வேற" என்றார் யோனெகுரா. நம் குடும்பப் பெயர் அந்த அடுப்புக்கு மேல் எவ்வளவு சாதாரணமாக வந்து விழுந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். "மொத நாளே கேட்டேன். 'எங்க வீட்டு வழக்கம் அண்ணே, பங்கு போட்டுத்தான் சாப்பிடுவோம்'னாரு. வீட்டு வழக்கம்னா நான் என்ன சொல்றது? புருசன் பொண்டாட்டி அவ்வளவு ஒத்துமையா உக்காந்து சாப்பிடுறத இந்த ஊர்ல எங்க பாக்குறோம்?"

மீன் கடைக்காரர் விடவில்லை. "பங்காவது ஒண்ணாவது. கறி பூரா அந்தம்மா தட்டுக்குப் போவுது. மனுசன் வெங்காயத்தாள வச்சு மென்னுக்கிட்டுக் கெடக்கறாரு."

"அவருக்கு அதுதான் புடிக்குமாம்யா. உனக்கென்ன?"

அவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

கல்யாணமான புதிதில் கோயில் திருவிழாக் கடையில் நீங்கள் முதல் குச்சியை உருவிப் பங்கு போட்டீர்கள். வெங்காயத்தாள் உங்கள் வயிற்றுக்கு ஆகாது என்றீர்கள். அன்றிலிருந்து கறி உங்கள் பக்கம், வெங்காயத்தாள் என் பக்கம். சிஹோ பிறந்த பிறகு உருவும் வேலை எனக்கு வந்தது, பங்கு மட்டும் மாறவில்லை. எனக்கு வெங்காயத்தாள்தான் பிடிக்கும் என்று அக்கம்பக்கத்தில் நானே சொல்லியிருக்கிறேன். சொல்லிச் சொல்லி நம்பியும் விட்டேன்.

நீங்கள் இன்னொருத்தியோடு உட்கார்ந்து சாப்பிட்டீர்கள் என்பதை ரயிலில் வரும்போதே பாதி விழுங்கியிருந்தேன். கத்துவேன், அழுவேன், நீங்கள் மன்னிப்புக் கேட்பீர்கள், ஏப்ரலில் சாமான் கட்டுவேன் என்றுகூட ஓர் எண்ணம் ஓடியது. அதற்கெல்லாம் மனதில் இடம் இருந்தது. ஆனால் உங்கள் வயிறு அவளுக்காகச் சரியாகிவிட்டது என்பதற்கு என்னிடம் இடம் இல்லை. ஆகாததைத் தின்னவும் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. என்னோடு இருந்தபோது அது தேவைப்படவில்லை.

அந்த வழக்கத்துக்கு 'எங்க வீட்டு வழக்கம்' என்று பெயர் வைத்து அங்கே கொண்டுபோய் வைத்தீர்களே, அது ரொம்ப வலிக்கிறது. அது நம் வீட்டைச் சேர்ந்தது என்று நினைத்திருந்தேன்.

நான் யார் என்று யோனெகுராவிடம் சொல்லவில்லை. வரும் வியாழன் உங்கள் நாற்காலிகள் இரண்டும் அங்கேதான் இருக்கும். அவர் எனக்கு அதே குச்சியை இன்னொன்று சுட்டுக் கொடுத்தார். இந்த முறை கையில் பிடித்து நுனியிலிருந்து கடித்தேன். கறி, வெங்காயத்தாள், கறி, வெங்காயத்தாள். கறியின் கொழுப்பு வெங்காயத்தாளுக்குள் இறங்கியிருந்தது. ஒன்றில்லாமல் ஒன்றைத் தின்பதற்காக அவர் அதைக் கோர்க்கவில்லை என்று புரிந்தது. அழுகை வந்தது. புகை என்று நினைத்து அவர் விசிறியை வேறு பக்கம் திருப்பினார்.

கடை முதலாளியம்மாவிடம் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் சொல்லச் சொன்னதும் அதுதானே. வீட்டை வாடகைக்கு விடப்போவதில்லை. சிஹோவின் தேர்வு முடிகிற வரை வர வேண்டாம். முடிந்ததும் அவளிடம் நானே சொல்கிறேன். அதன் பிறகு வந்து, எடுத்துக்கொள்ள வேண்டியதை எடுத்துக்கொண்டு போகலாம்.

சட்டைப் பார்சலைப் பிரிக்கவில்லை, அப்படியே திருப்பி அனுப்பியிருக்கிறேன். கோட்டும் அதோடு வருகிறது. நீலச் சட்டைக்கு ஒரு பொத்தான் எங்கள் கடையிலிருந்து எடுத்து உறையில் வைத்திருக்கிறேன். தைப்பதற்கு உங்களுக்கு ஆள் இருக்கிறது.

நேற்று வீட்டில் கோழிக் குச்சி சுட்டேன். சிஹோ வழக்கம்போல் தட்டை நீட்டிக்கொண்டு நான் உருவிப் போடுவதற்காகக் காத்திருந்தாள். குச்சியை அப்படியே அவள் கையில் கொடுத்தேன்.

"அப்ப பங்கு?" என்றாள்.

"இது முழுக்க உனக்குத்தான்" என்றேன்.

மொமோசே ஹருயோ