திதி தெரியாதவர்

மார்ச் 23, 1944. காஜா பெராங், மலாக்கா.

மெஷின் ஊசி மறுபடி உடைந்தது. ரோஷன் பீவி அக்கா கடையில் நாங்கள் தைப்பதெல்லாம் இப்போது பட்டாளத்துத் தொப்பிதான். காக்கித் துணி முரடு, ஊசி என்ன செய்யும் பாவம்.

சாயங்காலம் ஜாலான் பெண்டஹாரா தெருவில் ஒரே கூச்சல். வெள்ளைக்காரனை விரட்டப் போன நம் பட்டாளம் பர்மா எல்லையைத் தாண்டி இந்திய மண்ணில் கால் வைத்துவிட்டதாம். சுதந்திரச் சங்கத்து ஆபீஸ் சுவரில் ஒரு தேசப் படம் மாட்டியிருக்கிறார்கள். செயலாளர் நாற்காலிமேல் ஏறி, கொடி வைத்த குண்டூசியை இம்பாலுக்குப் பக்கத்தில் குத்தினார். எல்லாரும் கை தட்டினோம். அந்த ஊசிக்குக் கீழேதான் எங்கேயோ என் வீட்டுக்காரர் லாரி ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

"ஜப்பான்காரன் சயாம் ரயில் ரோட்டு வேலைக்குப் புடிச்சிட்டுப் போனா எலும்புகூடத் திரும்பாது. பட்டாளத்துக்குப் போனா பேராவது இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போன மனிதர். பேரை வைத்து நான் என்ன செய்ய?

அத்தை மரவள்ளிக்கிழங்கில் பாயசம் வைத்துத் தெருவுக்கே கொடுத்தார். கருப்பட்டியை இத்தனை நாள் எங்கே ஒளித்து வைத்திருந்தாரோ, பொல்லாத கிழவி! பிள்ளை இம்பாலில் இருக்கிறான் என்று தமிழ் மறந்து மலாய் பேசுகிற மலாக்காச் செட்டி வீடுகளுக்கும் போய்க் கையைக் காட்டிக் காட்டிச் சொல்லிவிட்டு வந்தார்.

ஏப்ரல் 17

இன்னொரு ஊசி. கோஹிமாவாம். அங்கிருந்து டெல்லி ஒரு சாண்தான் என்கிறார் செயலாளர். படத்தில் ஒரு சாண். லாரிக்கு?

ஜூன் 12

ரோஷன் பீவி அக்கா பொத்தான் தைத்துக்கொண்டே மெல்லச் சொன்னார்: "வெள்ளக்காரன் பிரான்ஸ்ல எறங்கிட்டானாம் புள்ள. கப்பல் கப்பலா." எங்கே கேட்டீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் ஜப்பான்காரன் சொன்ன வாயையும் அறுப்பான், கேட்ட காதையும் அறுப்பான். பிரான்ஸ் எங்கே இருக்கிறது என்று படத்தில் தேடினேன். இந்தப் படத்தில் பர்மாவும் இந்தியாவும் மட்டும்தான்.

ஜூலை 19

ஊசி நகரவே இல்லை. செயலாளரிடம் கேட்டேன்.

"அங்க மழைம்மா. மழை விட்டதும் பாருங்க."

"இங்கயுந்தான் கொட்டுது. நாங்க வேலைக்கு வரலையா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. முகம் வெளுத்திருந்தது.  வீட்டுக்கு வந்து அத்தையிடம் மழை என்று மட்டும் சொன்னேன்.

ஆகஸ்ட் 25

படத்தைக் கழற்றிவிட்டார்கள். செல் அரித்துவிட்டதாம்.

மே 11, 1945

கொழுந்தன் சேதுராமன் பசாரிலிருந்து வந்தவன் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னான்: "அண்ணி, ரங்கூன வெள்ளக்காரன் புடிச்சிட்டான். ஜெர்மனியும் விழுந்துருச்சு." அத்தைக்கு ஜெர்மனி தெரியாது. ரங்கூன் தெரியும். "அப்ப எம்புள்ள எந்தப் பக்கம் இருக்கான்?" என்று கேட்டார். சேதுராமன் விறகு உடைக்கப் போனான், நான் அடுப்பை ஊதினேன்.

ஆகஸ்ட் 22

ஜப்பான் சரணடைந்துவிட்டது. ஒரே குண்டில் ஓர் ஊரே போய்விட்டதாம், மறுபடி இன்னொரு ஊராம். தெருவில் ஆட்கள் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். எனக்கும் சந்தோஷம்தான், இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்த ஊரிலும் எவளாவது மெஷினில் குனிந்து உட்கார்ந்திருந்திருப்பாளே, அவளும் புருஷனை அனுப்பிவிட்டுத்தானே தைத்திருப்பாள்.

சண்டை முடிந்தால் ஆள் வர வேண்டும். அதுதானே கணக்கு?

டிசம்பர் 8

ரோஷன் பீவி அக்காவின் தம்பி அலாவுதீன் வந்துவிட்டான். என் வீட்டுக்காரரோடு ஒரே லாரிப் பிரிவில் இருந்தவன். கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிசாக. கடைக்குள் வந்தவன் என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான். ஐயோ, அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"லாரியெல்லாம் சேத்துல போயிருச்சு அண்ணி. இம்பால நாங்க பாக்கவே இல்ல. மல மேல இருந்து வெளக்குத்தான் தெரிஞ்சுச்சு. பெறகு நட. மழ, பேதி, காய்ச்ச. நடந்து வந்த சடக்கு ஓரத்துல ஆளுங்க உக்காந்தாங்கன்னா உக்காந்ததுதான். பர்மாவுல சிந்த்வின் ஆத்துக்கு இந்தப் பக்கம் அண்ணே ஒரு மரத்தடியில உக்காந்தாரு. 'நீ போ, வரேன்'னாரு."

"நீ போனியா?"

"போனேன் அண்ணி."

அவனை அறைந்துவிடலாம் போல இருந்தது. அறையவில்லை. கஞ்சி கொண்டு வந்து கொடுத்தேன். அழுதுகொண்டே குடித்தான்.

நாங்கள் பாயசம் குடித்தோமே, கை தட்டினோமே, எல்லாம் ஒரு விளக்கு வெளிச்சத்துக்கா?

ஜனவரி 14, 1946

பொங்கல் வைக்கவில்லை. வீட்டில் சண்டை.

"நாள் தெரியாத சாவுக்குத் தை அமாவாசதான்னு கோயில் பண்டாரம் சொல்றாரு. செஞ்சிரலாம்" என்றார் அத்தை.

"சாவுன்னு யாரு சொன்னது? உக்காந்தாருன்னுதான் அவன் சொன்னான்!"

"ஏண்டி, பெத்த வயிறு எனக்கு மட்டும் ஆசையா? போனவன் பசியோட அலையக் கூடாதுடி."

சேதுராமன் என் பக்கம் பேச வாயெடுத்தான். அத்தை பார்த்த பார்வையில் அடங்கிவிட்டான். காரியம் முடியும்வரை சோறு தொட மாட்டேன் என்று சுவர் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

ஜனவரி 17

அத்தை இன்னும் சாப்பிடவில்லை. சரி என்று சொல்லிவிட்டேன். நான் சொன்னேன். இந்த வாயால்.

பிப்ரவரி 2. தை அமாவாசை.

கிளேபாங் கடற்கரை. உடல் இல்லாததால் புல்லில் ஆள் செய்ய வேண்டுமாம். தர்ப்பை கிடைக்கவில்லை. சேதுராமன் ரோட்டோரத்து லாலாங் புல்லை அறுத்து வந்தான். கை, கால், தலை எல்லாம் கட்டி அதற்கு அவருடைய வேட்டியைச் சுற்றினார்கள். ஆறடி மனிதர் ஒரு விளக்குமாறு அளவுக்கு ஆகிவிட்டார். கொளுத்தியதும் குப்பென்று எரிந்து போயிற்று. பிண்டம் வைத்தோம், காக்கை எடுத்தது. அத்தை "அப்பாடா" என்று மணலில் உட்கார்ந்தார்.

தாலியை அத்தையேதான் கழற்றினார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை.

ஜூன் 20

வந்துவிட்டார். உயிரோடு வந்துவிட்டார். நேற்று எழுத உட்கார்ந்தேன், கை ஓடவில்லை.

நேற்று மத்தியானம் வாசலில் ஒரு ஆள் நிற்கிறது. பிச்சைக்காரன் என்று நினைத்துப் பழைய கிழங்கை எடுத்துக்கொண்டு போனேன். "பூங்காவனம்" என்றார். அந்தக் குரல் மட்டும்தான் பாக்கி இருக்கிறது மனிதரிடம்.

பர்மாக்காரர்கள் ஒரு கிராமத்தில் தூக்கிப் போட்டுக் கஞ்சி ஊற்றியிருக்கிறார்கள். அப்புறம் வெள்ளைக்காரன் பிடித்து ரங்கூன் சிறையில் வைத்து, இப்போதுதான் கப்பல் ஏற்றி விட்டிருக்கிறான்.

நான் அலறியதும் அத்தை ஓடி வந்தார். முகத்தைப் பார்க்கவில்லை, முதலில் காலைப் பார்த்தார், தரையில் பாவுகிறதா என்று. பாவுகிறது என்று தெரிந்ததும் அந்தக் காலைக் கட்டிக்கொண்டு கத்தினாரே, தெருவே கூடிவிட்டது.

கூடிய கூட்டத்தில் பண்டாரமும் வந்து சேர்ந்தார். "காரியம் முடிஞ்ச ஆளு முன்வாசல்ல நுழையக் கூடாது. குளிக்க வச்சு, பொறந்த புள்ளைக்குச் செய்யுற சடங்கெல்லாம் செஞ்சு, மறுபடி தாலி கட்டித்தான் வீட்டுக்குள்ள சேக்கணும்."

"வந்த மனுசன வெயில்ல நிக்க வச்சுட்டு சட்டம் பேசுறீங்களா?" என்று நான் கத்தினேன். என் வீட்டுக்காரர்தான் என்னை அடக்கினார்.

"இருக்கட்டும் புள்ள. நின்னு பழகுன காலுதான்." பிறகு கேட்டார்: "எனக்குப் பிண்டம் வச்சீங்களா?"

"வச்சோம்."

"காக்கா எடுத்துச்சா?"

"எடுத்துச்சு."

"நல்லது" என்றார். அவ்வளவுதான்.

ஜூன் 28

மஞ்சள் கயிறு கட்டினார். ஒரே ஆளுக்கு இரண்டு தரம் கழுத்தை நீட்டியவள் இந்த மலாக்காவில் நான் ஒருத்திதான் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 15

மீந்த சோற்றை உருட்டிப் பாய்க்கு அடியில் வைக்கிறார். எறும்பு மொய்க்கிறது. இன்று கோபத்தில் கேட்டுவிட்டேன், யாருக்கு இதெல்லாம் என்று.

எறும்பைத் தட்டிவிட்டுக்கொண்டே சொன்னார்: "பொன்னுதுரைக்கு."

ரப்பர் பால் வெட்டிய கித்தா தோட்டத்துப் பையன், இவரோடு பட்டாளத்தில் இருந்தவன். தாய் தகப்பனை ஜப்பான்காரன் ரயில் ரோட்டுக்குக் கொண்டுபோக, அவர்கள் அங்கேயே முடிந்துவிட்டார்கள். அந்த மரத்தடியில் இவருக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தவன் அவன்தான். அவனை விட்டுவிட்டு வர மனசில்லாமல்தான் இவரும் உட்கார்ந்திருக்கிறார். விடிந்தபோது அவனுக்கு உயிர் இல்லை. "மண்ணு தள்ளக்கூட என் கையில தெம்பு இல்ல புள்ள. எனக்கு வச்ச பிண்டத்த அவன் சாப்பிட்டிருப்பான்னு நெனச்சு மனச ஆத்திக்கிட்டேன். ஆனா அது அவன் பேருல வச்சது இல்லையே."

அத்தை அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

ஜூலை 28. ஆடி அமாவாசை.

விடியலில் நாலு பேரும் கிளேபாங் போனோம். அரிசிச் சோறு நான் வடித்தேன், கிழங்கு வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டார். தண்ணீர் கணுக்கால்வரை இருந்தது. பண்டாரம் எள்ளை அவர் கையில் போட்டுவிட்டுப் பெயர் கேட்டார்.

"பொன்னுதுரை."

"அப்பா பேரு?"

அவர் விழித்தார். "தெரியாதுங்க. ஒரே தட்டுல சாப்பிட்டோம். அத மட்டும் கேக்கல."

"அப்பா பேரு இல்லாம எறச்சா தண்ணி யாருக்குய்யா போய்ச் சேரும்? ஒறவாவது சொல்லு."

 எள் அவர் விரலிடுக்கில் ஒழுகியது. 

பின்னாலிருந்து அத்தை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார்.

"மாணிக்கவாசகம்."

அது என் மாமனார் பெயர். இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து அத்தை வாயால் அந்தப் பெயரை நான் கேட்டதில்லை. தபால்காரன் கேட்டால்கூட என்னையோ சேதுராமனையோதான் சொல்லச் சொல்வார்.

"அப்பா பேரு மாணிக்கவாசகம். ஆத்தா பேரு பொன்னம்மா. என் மூணாவது மவன். ஊத்துங்க சாமி."

பண்டாரம் செம்பை எடுத்தார். சேதுராமனும் அண்ணன் பக்கத்தில் வந்து நின்று கையை நீட்டினான்.